'பாக்கெட்ல சாக்லேட் வெச்சுக்கோங்க...' டாக்டர் சொன்னது எந்த சாக்லேட்டை?

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் போனா, டவுன் முடிஞ்சும் முடியாத இடத்துல வரும் பரவை. வெளியூர்க்காரங்களுக்கு அது 'பரவை' முனியம்மா ஊர். மதுரைக்காரங்களுக்கு காய்கறி மார்க்கெட். நாமெல்லாம் தூங்கிட்டிருக்கும்போதே அங்க லோடு இறங்கிட்டிருக்கும். மூட்டை தூக்குற அண்ணன்கள், கமிஷன் கடையில கணக்கு எழுதுறவங்க, வேன் டிரைவர்கள், கீரைக்கட்டு அடுக்குற அக்காக்கள்... இவங்கள்ல சுகர் மாத்திரை போடுறவங்களும் நிச்சயம் இருப்பாங்க. 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வின்படி, தமிழ்நாட்டுல 20 வயசைத் தாண்டினவங்கள்ல 14.4 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. தோராயமா ஏழு பேர்ல ஒருத்தர். உங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்திருக்கிறவங்களை எண்ணிப் பாருங்க, கணக்கு கிட்டத்தட்ட சரியா வரும்.

இவங்களுக்கெல்லாம் டாக்டர்கள் வழக்கமா சொல்ற ஒரு வரி உண்டு. "எப்பவும் பாக்கெட்ல ஒரு சாக்லேட் வெச்சுக்கோங்க." அட்வைஸ் சரிதான். சிக்கல் இருக்கறது 'சாக்லேட்'ங்கிற வார்த்தையில.

நம்ம ஊர்ல எது சாக்லேட் இல்ல, சொல்லுங்க? பெட்டிக்கடை பாட்டில்ல இருக்கிற ஆரஞ்சு மிட்டாய் சாக்லேட். பர்த்டேக்கு கிளாஸ்ல குடுக்குற டாஃபி சாக்லேட். சில்லறை இல்லாதப்போ கடைக்கார அண்ணாச்சி கையில திணிக்கிறதும் சாக்லேட். சித்தப்பா துபாய்ல இருந்து கிலோ கணக்குல கொண்டு வர்றதும் சாக்லேட்தான். நாக்குக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆனா, சுகர் இருக்கிறவங்க ரத்தத்துக்கு இது ஒவ்வொண்ணும் வேற வேற. ஒண்ணு சீக்கிரமா வேலை பார்க்கும், ஒண்ணு தாமதமா வரும், ஒண்ணு ஆபத்து நேரத்துல எதுவுமே செய்யாது.

சுகர் இறங்கும்போது...

சர்க்கரை நோய்னா சுகர் ஏறுறதுதானேனு நினைப்போம். இன்சுலின் போடுறவங்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் திடீர்னு இறங்கவும் செய்யும். 70 மில்லிகிராமுக்குக் கீழ போனா அதுக்கு 'லோ சுகர்'னு பேரு. (மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இது அபூர்வம்.) மாத்திரையைப் போட்டுட்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டா இறங்கும். வழக்கத்தைவிட உடம்பு அதிகமா வேலை செஞ்சா இறங்கும். வெறும் வயித்துல சரக்கு அடிச்சா இறங்கும். விடியக்காலை மூட்டை தூக்குற ஒருத்தருக்கு முதல் ரெண்டும் ஒண்ணா சேர்ந்துடும்.

கை நடுங்கும், குப்புனு வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும், காரணமே இல்லாம எரிஞ்சு விழத் தோணும். ஆனா லோடு தூக்குறவருக்கு எப்பவுமே வியர்க்கும், எப்பவுமே படபடக்கும். அதனால அவருக்கே தெரியாது. இன்னும் இறங்கினா பேச்சு குழறும், நடை தள்ளாடும். சுத்தி இருக்கிறவங்க "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்யா"னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க. அடுத்த கட்டம் மயக்கம், வலிப்பு. இங்கதான் பாக்கெட்ல இருக்கிற சாக்லேட்டுக்கு வேலை.

இந்த நேரத்துல அவர் ஒரு மில்க் சாக்லேட் பாரைப் பிரிச்சு சாப்பிட்டா என்ன ஆகும்? சர்க்கரை அதுல தாராளமா இருக்கு. கூடவே கொழுப்பும் இருக்கு, கோகோ வெண்ணெயும் பால் கொழுப்புமா சேர்ந்து 100 கிராம்ல சுமார் 30 கிராம். கொழுப்பு வயித்துல இறங்கினா இரைப்பை மெதுவாத்தான் காலியாகும். சர்க்கரை குடலுக்குப் போய் ரத்தத்துல கலக்கறதும் அதே அளவுக்குத் தாமதமாகும். சாதாரண நாள்ல இது நல்ல குணம். சுகர் 55-ல நிக்கிறப்போ அந்த 20, 30 நிமிஷத் தாமதம் ரொம்ப நீளம். இதனாலதான் லோ சுகருக்கு கொழுப்பு சேர்ந்த இனிப்பு வேண்டாம், குளுக்கோஸ்தான் முதல் சாய்ஸ்னு அமெரிக்கன் டயாபடீஸ் அசோசியேஷன் வழிகாட்டுதல் சொல்லுது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் இதே பிரச்னைதான். வெல்லம் இருந்தாலும் கடலையோட எண்ணெய் அதை இழுத்துப் பிடிச்சுக்கும்.

டாக்டர் 'சாக்லேட்'னு சொன்னப்போ அவர் மனசுல இருந்தது அநேகமா அந்தப் பெட்டிக்கடை மிட்டாய். கடிச்சா கடக்முடக்னு உடையற, கொழுப்பே இல்லாத, முழுக்க முழுக்க சர்க்கரையான மிட்டாய். அதுதான் இங்க ஹீரோ. ஒரு மிட்டாய்ல சுமார் 4, 5 கிராம் சர்க்கரை. தேவைப்படறது 15 கிராம். அப்போ மூணு, நாலு மிட்டாயைச் சப்பிக்கிட்டு உட்காராம கடிச்சு முழுங்கணும். இல்லைன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணணும். 70-ஐத் தாண்டலைன்னா இன்னொரு 15 கிராம். ஏறினதும் இட்லியோ, பிஸ்கட்டோ, வாழைப்பழமோ சாப்பிட்டுத்தான் வேலைக்குத் திரும்பணும், இல்லைன்னா மறுபடி இறங்கும். ஆள் மயங்கிட்டார்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108-க்கு போன் பண்ணுங்க.

இதுல இன்னொரு கண்ணி இருக்கு. நம்ம ஊர்ல கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினோட சேர்த்து வோக்ளிபோஸ்னு ஒரு மருந்தையும் ஒரே மாத்திரையா எழுதிக் கொடுக்கறது சகஜம். சாப்பாட்டுல இருக்கிற மாவுச்சத்தும் சர்க்கரையும் உடையறதைத் தாமதப்படுத்தறதுதான் வோக்ளிபோஸோட வேலை. லோ ஆகும்போது நீங்க போடுற சாதாரண சர்க்கரையையும் அது அதே மாதிரி தாமதப்படுத்தும். அகார்போஸும் இதே வகைதான். இந்த மாத்திரை எடுக்கிறவங்களுக்கு மிட்டாயைவிட குளுக்கோஸ் பவுடர்தான் நல்லது. குளுக்கோஸ் ஏற்கெனவே உடைஞ்ச நிலையில இருக்கறதால அதை இந்த மருந்தால தடுக்க முடியாது. ஆரஞ்சு, லெமன் ஃப்ளேவர் பாக்கெட்ல சாதாரண சர்க்கரையும் கலந்திருக்கலாம். பின்னாடி திருப்பி, 'டெக்ஸ்ட்ரோஸ்'னு மட்டும் போட்டிருக்கானு பார்த்து வாங்குங்க. மதுரை வெயிலுக்கும் இதுதான் தோது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்துலயே உருகிடும். சித்திரை மாசம் சட்டைப் பாக்கெட்ல வெச்ச சாக்லேட் பார் மத்தியானத்துக்குள்ள கஷாயமாகியிருக்கும்.

அப்பாவுக்கு சுகர்ங்கிறதால 'சுகர் ஃப்ரீ' மிட்டாயை வாங்கி அவர் பாக்கெட்ல போட்டுவிடுற பிள்ளைகளும் இருக்காங்க. பாசம் புரியுது. ஆனா லோ ஆகும்போது அந்த மிட்டாய் பிரயோஜனமே இல்லை. இன்னிக்கே அதை மாத்திடுங்க.

ஆசைக்குச் சாப்பிடுற சாக்லேட்

சரி, ஆபத்துக் கதையை விடுவோம். சும்மா ஆசையா இருக்கு, ஒரு துண்டு சாப்பிடணும். அதுக்கு என்ன?

சாப்பிடலாம். "தொடவே கூடாது"னு சொல்ற வீடுகள்லதான் ஃபிரிட்ஜ் முட்டை டிரேக்குப் பின்னாடி ரேப்பர் கிடைக்கும். ஒளிச்சு சாப்பிடுறவங்க அளவு பார்க்க மாட்டாங்க, அவசரமா முழு பாரையும் முடிச்சிருப்பாங்க. அதுக்குப் பதிலா கணக்கு போட்டு வெளிப்படையா சாப்பிடறது எவ்வளவோ மேல்.

கணக்கு கஷ்டமில்லை. கடையில கிடைக்கிற வழக்கமான மில்க் சாக்லேட்ல 100 கிராமுக்கு 55 கிராமுக்கு மேல சர்க்கரை. 40 கிராம் பார் ஒண்ணை முழுசா சாப்பிட்டா சுமார் 22 கிராம், அதாவது நாலரை டீஸ்பூன். 70 சதவிகிதம் டார்க் சாக்லேட்னா, மிச்சம் இருக்கிற 30 சதவிகிதத்துல பெரும்பகுதி சர்க்கரை. அதுல 10 கிராம், ரெண்டு சின்னக் கட்டம் சாப்பிட்டா மூணு கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

இப்போ இதை டீக்கடையோட ஒப்பிடுங்க. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, ஒரு நாளைக்கு அஞ்சு. அதுவே 40, 50 கிராம். டார்க் சாக்லேட்டுக்கு பயந்துகிட்டு, டீயைக் கணக்குலயே சேர்க்காம இருக்கிற அப்பாக்கள்தான் நம்ம ஊர்ல அதிகம். ஜிகர்தண்டா பத்தி நான் எதுவும் சொல்லப்போறதில்லை, ஊருக்குள்ள நடமாடணும்.

'டார்க்'னு முன்னாடி எழுதியிருக்கிறதை வெச்சு மட்டும் எடுத்துடாதீங்க. 40, 45 சதவிகிதம் கோகோ இருக்கிறதும் டார்க்னு விக்குது, மில்க் சாக்லேட்டுக்கு அதுக்கும் சர்க்கரையில பெரிய வித்தியாசம் இருக்காது. பாக்கெட்டைத் திருப்புங்க. நம்ம நாட்டு லேபிள் விதிப்படி எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும். முதல் வார்த்தை சர்க்கரைன்னா திரும்ப ஷெல்ஃப்ல வெச்சிடலாம். கோகோ மாஸ், கோகோ சாலிட்ஸ்னு ஆரம்பிச்சா மேற்கொண்டு படிக்கலாம். கார்போஹைட்ரேட், அதுக்குக் கீழ மொத்த சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரைனு 100 கிராமுக்கு எவ்வளவுனு எண் இருக்கும். நீங்க சாப்பிடப்போறது 10 கிராம்னா அந்த எண்ணுல பத்துல ஒரு பங்கு. அவ்வளவுதான்.

ஆனா 99 சதவிகிதம் கோகோன்னு வேகமா வாங்கிட்டு வந்துடாதீங்க. அமுல்லயே அது கிடைக்குது. வாயில வெச்சா வேப்பங்கொழுந்து ஞாபகம் வரும். அதைத் தின்னுட்டு கசப்பு போக ரெண்டு மைசூர்பாகு சாப்பிட்டா என்ன லாபம்? 55, 60-ல ஆரம்பிச்சு நாக்கு பழகப் பழக ஏறறதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இன்னொண்ணு, எந்த டார்க்கா இருந்தாலும் கலோரி மில்க் சாக்லேட்டுக்குக் குறைஞ்சதில்லை. 100 கிராமுக்கு 500-க்கு மேலதான். சர்க்கரை குறையற இடத்துல கொழுப்பு வந்து உட்கார்ந்துக்கும்.

'சுகர் ஃப்ரீ' டப்பா

நூறு கிராம்ல அரை கிராமுக்கு மேல சர்க்கரை இல்லைன்னா 'சுகர் ஃப்ரீ'னு போட்டுக்கலாம்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2018 விதிமுறை சொல்லுது. 'சர்க்கரை'ங்கிற வார்த்தைக்குள்ள சர்க்கரை ஆல்கஹால்கள் வராது. அதனால சுகர் ஃப்ரீ சாக்லேட்கள்ல பெரும்பாலும் மால்டிடால் இருக்கும். பேரைப் போடாம 965-ங்கிற நம்பரா மட்டும்கூட எழுதியிருக்கலாம். இனிப்பு கிட்டத்தட்ட சர்க்கரை மாதிரியே இருக்கும். சர்க்கரையில கிராமுக்கு 4 கலோரின்னா இதுல 2-க்குக் கொஞ்சம் மேல. ரத்த சர்க்கரையை ஏத்தாதானு கேட்டா, ஏத்தும். சர்க்கரை அளவுக்கு இல்லை, ஆனா பூஜ்யமும் இல்லை. கார்போஹைட்ரேட்னு போட்டிருக்கிற இடத்தைப் பாருங்க, 40, 50 கிராம்னு சும்மா நிக்கும்.

"சுகர் ஃப்ரீதானே"னு பாதி டப்பாவை ஒரே உட்காரல்ல முடிக்கிறவங்களுக்கு இன்னொரு பரிசும் காத்திருக்கு. குடல் மால்டிடாலை முழுசா உறிஞ்சாது, மிச்சம் பெருங்குடல்ல நொதிக்கும். வயிறு உப்பும், அப்புறம் பாத்ரூமுக்கு ஓட்டம். அதிகமா சேர்த்தா பேதி ஆகலாம்னு டப்பாவிலேயே எச்சரிக்கை போட்டிருப்பாங்க, எறும்பு சைஸ் எழுத்துல.

எரித்ரிடால் (968), ஸ்டீவியா (960) போட்டதெல்லாம் ரத்த சர்க்கரையைப் பெருசா தொடாது. ஆனா, ரத்தத்துல எரித்ரிடால் அதிகமா இருக்கிறவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகமா இருந்ததா 2023-ல 'நேச்சர் மெடிசின்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. அதுதான் காரணம்னு நிரூபணம் ஆகலை. இருந்தாலும் தினமும் சாப்பிடுற பொருளா அதை ஆக்கிக்க நான் சொல்ல மாட்டேன்.

நம்ம பக்கம் வேற ஒரு டைப் இருக்கு. 'கருப்பட்டி சாக்லேட், நாட்டுச் சர்க்கரை சாக்லேட், சுகர் பேஷன்ட்டும் சாப்பிடலாம்.' இன்ஸ்டாகிராம் பூரா இதான். கருப்பட்டியில தாதுக்கள் கொஞ்சம் இருக்கு, மணம் இருக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனா அதுல பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில இருக்கிற அதே பொருள். பேரீச்சம்பழம், தேன், தேங்காய்ச் சர்க்கரை போட்டதும் ரத்த சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். விக்கிறவங்க பொய் சொல்றாங்கனுகூட இல்லை, நிறைய பேர் அதை நம்பித்தான் விக்கிறாங்க. உங்க அம்மாவோட கணையத்துக்கு அந்த நம்பிக்கை தெரியாது.

கொடைக்கானல் போயிட்டு வர்றவங்க கையில கட்டாயம் இருக்கும் ஹோம்மேட் சாக்லேட் கதை தனி. லூஸ்ல எடை போட்டுத் தர்ற பல கடைகள்ல அதுக்கு லேபிளே இருக்காது. எவ்வளவு சர்க்கரை, கோகோ வெண்ணெயா, இல்ல தாவர எண்ணெயைக் கெட்டியாக்கின 'காம்பவுண்டு'டானு தெரிஞ்சுக்க வழியில்லை. வெயில்ல சீக்கிரம் உருகாம நிக்குதுன்னா காம்பவுண்டா இருக்க வாய்ப்பு அதிகம். டூர் போன அன்னிக்கு ஒரு துண்டு, சரி. கிலோ கணக்குல வாங்கி ஃபிரிட்ஜ்ல அடுக்கறது சுகர் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

'டார்க் சாக்லேட் சாப்பிட்டா சுகரே வராதாமே?'

இந்த ஃபார்வேர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். அடிப்படை இல்லாம வரலை. 2024 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு அது. அமெரிக்காவுல நர்ஸ்கள், மருத்துவத் துறையினர் எனப் பெரிய கூட்டத்தைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்சதுல, வாரம் அஞ்சு தடவையோ அதுக்கு மேலயோ டார்க் சாக்லேட் சாப்பிட்டவங்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு 21 சதவிகிதம் குறைவா இருந்தது. மில்க் சாக்லேட்டுக்கு அந்தப் பலன் தெரியலை, எடைதான் கூடியிருந்தது. ரெண்டு விஷயத்தை ஃபார்வேர்டு பண்றவங்க விட்டுடறாங்க. ஒண்ணு, அது ஏற்கெனவே சுகர் இருக்கிறவங்களைப் பத்தின ஆய்வு இல்லை. ரெண்டு, சாக்லேட்தான் காப்பாத்துச்சுனு இந்த மாதிரி கவனிப்பு ஆய்வால சொல்ல முடியாது. டார்க் சாக்லேட் தேடி வாங்குறவங்க மத்த சாப்பாட்டுலயும் கவனமா இருக்கிறவங்களா இருக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் பார்த்துடுவோம். 2022-ல அமெரிக்காவோட 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அமைப்பு 28 டார்க் சாக்லேட்களை டெஸ்ட் பண்ணுச்சு. எல்லாத்துலயும் ஈயமும் காட்மியமும் இருந்தது, அளவுதான் கூடக் குறைய. அதனால மருந்து மாதிரி தினமும் பெரிய பார் வேண்டாம். சுகரால கிட்னி பாதிச்சவங்க இன்னும் கவனமா இருக்கணும். கோகோவுல பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். கிரியாட்டினின் கூடியிருக்குன்னா டாக்டரைக் கேட்காம டார்க் சாக்லேட் பழக்கத்தை ஆரம்பிக்காதீங்க.

எப்போ, எப்படி?

வெறும் வயித்துல வேண்டாம். காய்கறி, பருப்பு சேர்ந்த மதிய சாப்பாடு முடிச்சதும் ரெண்டு கட்டம் நல்ல நேரம். அதுக்கு ஈடா சாதத்துல ரெண்டு வாய் குறைச்சுக்கலாம். 100 கிராம் சாதத்துலயே சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கு, சாக்லேட்டைவிட பெரிய கணக்கு நடக்கிற இடம் தட்டுதான். சாப்பிட்ட பிறகு மிச்சத்தை சுத்தி உள்ள வெச்சுடுங்க. பாரைக் கையில வெச்சுக்கிட்டு சீரியல் பார்த்தா ரெண்டு கட்டத்தோட யாருமே நிறுத்தினதில்லை.

வீட்டுல குளுக்கோமீட்டர் இருக்கா? அப்போ நெட்ல தேடறதைவிட நல்ல வழி இருக்கு. ஒரு நாள் வழக்கமான சாப்பாடு மட்டும், ரெண்டு மணி நேரம் கழிச்சு டெஸ்ட். இன்னொரு நாள் அதே சாப்பாட்டோட 10 கிராம் சாக்லேட், அதே நேரத்துல டெஸ்ட், கொழுப்பு தாமதப்படுத்தும்ங்கிறதால மூணாவது மணி நேரத்துலயும் ஒண்ணு. வித்தியாசம் எவ்வளவுனு உங்க உடம்பே சொல்லிடும். ஒருத்தருக்கு ஒத்துக்கிறது இன்னொருத்தருக்கு ஒத்துக்கணும்னு இல்லை.

அப்பா, அம்மாகிட்ட இதைப் பேசறதுலயும் ஒரு விதம் இருக்கு. "ஏம்ப்பா, மறுபடியும் தின்னீங்களா?"னு ஆரம்பிச்சா அடுத்த ரேப்பர் இன்னும் ஆழமான இடத்துக்குப் போயிடும். "அப்பா, நேத்து சாப்பிட்ட பிறகு எவ்வளவு காட்டுச்சு?"னு கேட்டா பதில் வரும். கூடவே வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையை டெஸ்ட் பண்ணக் கூட்டிட்டுப் போங்க. மதுரைக்காரங்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல இருந்தே ஊருக்குள்ள இருக்கு. சுகரால கண்ணுக்குள்ள நடக்கிற சேதம் பார்வை மங்குற வரைக்கும் வெளிய தெரியாது. வலியும் இருக்காது.

அடுத்த தடவை செக்கப்புக்குப் போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துட்டுப் போய் ஒரு கேள்வி கேளுங்க. "டாக்டர், இந்த மாத்திரை சுகரை ரொம்ப இறக்குமா? இறக்கினா அப்பா பாக்கெட்ல மிட்டாய் போதுமா, குளுக்கோஸ்தான் வெச்சுக்கணுமா?" பதிலை மாத்திரை டப்பா மேலேயே பேனாவால எழுதிவைங்க. பாக்கெட்ல இருக்கிறது எங்க இருக்கு, எதுக்கு இருக்குனு அப்பா கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தருக்கும் சொல்லி வைங்க. லோ ஆகும்போது அதைத் தேடி எடுக்கிற நிலையில அப்பா இருக்க மாட்டார்.